அமாவாசைப் பேப்பர்

அறுபதுகளின் கடைசியில் எங்கள் கல்லூரியில் தத்துவத் துறையை மூடினார்கள். மூடினார்கள் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் அதிகம். அந்த வருடம் அந்தப் பாடத்தில் சேர ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. துறை தானாகவே மூடிக்கொண்டது. துறையில் அப்போது இருந்த ஒரே ஆள் நான். நிர்வாகத்துக்கு என்னை வீட்டுக்கு அனுப்ப மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளக் காரணமும் அகப்படவில்லை. கடைசியில் என்னிடம் பொதுக் கல்வி என்ற பேப்பரைக் கொடுத்தார்கள்.

பொதுக் கல்வி என்பது எல்லாப் பட்டப் படிப்புக்கும் பொதுவாகப் பல்கலைக்கழகம் வைத்திருந்த பாடம். விஞ்ஞானம் படிக்கிறவர்கள் சமூகத்தைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்துகொள்ள வேண்டும், சரித்திரமும் பொருளாதாரமும் படிக்கிறவர்கள் விஞ்ஞானத்தைக் கொஞ்சம் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் அதில் தேறாவிட்டால் பட்டம் கிடையாது. தேறினாலும் அந்த மார்க் எந்தக் கணக்கிலும் சேராது. இப்படி ஒரு விதியை வைத்துவிட்டு, பிள்ளைகள் அக்கறையாகப் படிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தவர்களை என்னால் இன்றைக்கும் புரிந்துகொள்ள முடியவில்லை.

ஆசிரியர்களும் அதை ஒரு பாடமாகவே மதிக்கவில்லை. வேதியியல்காரர் என் வகுப்பு வாசலில் வந்து நிற்பார்.

"மேடம், இன்னிக்கி உங்க ஹவர் எனக்கு வேணும். போர்ஷன் முடியல."

"என் போர்ஷனும்தான் சார் முடியல."

"உங்களுக்கு என்ன மேடம் போர்ஷன்!"

இதை அவர் குத்திக் காட்டச் சொல்லவில்லை. மனதார நம்பித்தான் சொன்னார். எனக்கு அதுதான் எரிச்சல். நான் புத்தகத்தை மூடிக்கொண்டு வெளியே வருவேன். வெளியே வந்து எங்கே போவது? ஒவ்வொரு துறைக்கும் ஒரு மேசை, மேசையைச் சுற்றி நாற்காலிகள், பதினொரு மணிக்கு அவர்களுக்கென்று ஒரு டீ கெட்டில். எனக்கு நூலகத்தில் பத்திரிகை படிக்கும் இடம். பழைய நாளிதழ்களை அடுக்கி வைத்திருந்த அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல்.

நான் தெற்கத்திக்காரி. கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்பது வேறு கதை, அதைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் தெலுங்கு பேசுவார்கள், என்னிடம் தமிழ். நல்ல மனிதர்கள். ஆனால் தனியாக இருக்கும் ஒரு பெண்ணிடம் எவ்வளவு பேசலாம் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது, அந்தக் கணக்கை அவர்கள் தாண்டியதே இல்லை. சனிக்கிழமை மதியம் கல்லூரி விட்டு வந்து நான் மூடும் வாய், பல வாரங்களில் திங்கட்கிழமை காலையில்தான் திறக்கும். கீழே தறி ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம்தான் வீட்டில் எனக்கு இருந்த பேச்சுத் துணை.

அப்படி இருக்கும்போதுதான் பல்கலைக்கழகம் பொதுக் கல்விக்குப் புதிய பாடத்திட்டம் எழுத ஒரு சிறு கமிட்டி போட்டது. எங்கள் முதல்வரிடம் ஒரு பெயர் கேட்டார்கள், அவர் என் பெயரைக் கொடுத்தார். மற்ற கல்லூரிகளில் ஒருவரும் சம்மதிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. மாதம் ஒரு முறை மெட்ராஸுக்குப் பஸ் ஏறுவேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்துவிடும், இன்றைக்கு என்னிடம் யாராவது என்னுடைய பாடத்தைப் பற்றிப் பேசுவார்கள் என்று.

கமிட்டியில் என்னைச் சேர்த்து நான்கு பேர், மற்ற மூவரும் பல்கலைக்கழகத்துக்காரர்கள். தலைவர் சரித்திரக்காரர். ஒருவர் இயற்பியல். இன்னொருவர் ஆங்கிலம், காபி சொல்வதற்கு மட்டும் வாய் திறப்பார், திறந்தால் தெளிவாகப் பேசுவார். பொது என்றால் எல்லோருக்கும் சொந்தமானது என்று நான் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அங்கே பொது என்றால் புறம்போக்கு. அவரவர் வேலியை இரண்டு அடி தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். தலைவர் சிந்துவெளியில் ஆரம்பிக்க வேண்டும் என்றார். இயற்பியல்காரர் இயக்க விதிகள் மூன்றும் இல்லாமல் ஒருவன் பட்டதாரி ஆவது அவமானம் என்றார். சண்டை போட்டுக்கொண்டே மாதங்கள் போயின.

நான் ஒரு காரியம் செய்தேன். பெரிய தலைப்புகளை எல்லாம் தள்ளிவிட்டு, கேள்விகளாக எழுதிக்கொண்டு போனேன். ஓர் ஊர் எங்கிருந்து தண்ணீர் குடிக்கிறது? காய்ச்சல் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு எப்படிப் போகிறது? வரிப்பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது? கலைப் பிரிவும் விஞ்ஞானப் பிரிவும் இவற்றை ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்றும் சேர்த்தேன். ஆங்கிலக்காரர் படித்துவிட்டு, "இது சிலபஸா, கொஸ்டின் பேப்பரா?" என்றார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்ததால் என் பாடத்திட்டம் நிறைவேறியது. அன்று கடற்கரைச் சாலையில் பஸ் நிறுத்தம் வரைக்கும் நான் நடந்து போனதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, கிட்டத்தட்ட ஓடினேன். ஊருக்குத் திரும்பி வந்து அதைச் சொல்ல ஆள் இல்லை. மாடிப்படி ஏறும்போது வீட்டுக்கார அம்மாவிடம், "நான் எழுதின பாடத்தை ஒத்துக்கிட்டாங்க" என்றேன். "அப்டியாமா, சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா ராட்டையைச் சுற்றப் போய்விட்டார்.

பாடம் புதிதாக வந்தது, ஆனால் வகுப்பில் ஆள் இல்லை. கால அட்டவணை போடுகிறவர்கள் முக்கியப் பாடங்களுக்கு நல்ல நேரங்களைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை எனக்குத் தருவார்கள். ஒன்று காலை முதல் வகுப்பு, இல்லாவிட்டால் மாலைக் கடைசி. கடைசி வகுப்பில் மாகறல் பக்கத்துப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்கள். முதல் வகுப்புக்கு நெசவு வீட்டுப் பிள்ளைகள் வரமாட்டார்கள். ஏன் என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. என் ஜன்னலுக்குக் கீழேயே தெரியும். விடிந்ததும் தெருவில் பாவு நூலை நீளமாக விரித்துக் கட்டி, அறுந்த இழைகளைச் சேர்ப்பார்கள். வீட்டில் உள்ள எல்லாக் கையும் வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். என் வகுப்பில் இருக்க வேண்டியவன் அங்கே நின்றுகொண்டு, மேலே என்னைப் பார்த்து, "இதோ வந்துட்டேன் மேடம்" என்பான். நான் போய்ச் சேர்ந்து, வகுப்பு முடிந்து, திரும்பி வந்தாலும் அங்கேயே நிற்பான்.

அமாவாசையன்று மட்டும் காஞ்சிபுரத்தில் தறி ஓடாது. அன்று நெசவாளர்களுக்கு விடுமுறை. நான் முதல்வரிடம் போய், மாதத்துக்கு ஒரு முறை அமாவாசையன்று மதியம் முழுக்க எனக்குக் கொடுங்கள், வாரத்து வகுப்புகளை வேதியியல்காரரே எடுத்துக்கொள்ளட்டும் என்றேன்.

"அமாவாசைலயா?" என்று சிரித்தார். "நம்ம ஸ்டாஃப்ல பாதிப் பேர் தர்ப்பணம், விரதம்னு லீவு போடுவாங்க. நீங்க வந்து எடுக்கறதானா எனக்கு என்ன வந்துது? எடுங்கம்மா."

பிள்ளைகளுக்காகத்தான் கேட்டேன். ஆனால் அது முழுக் காரணமில்லை. அமாவாசையன்று வீடு அப்படியே அமைதியாகிவிடும். தெரு முழுக்க ஒரு தறி ஓடாது. கீழே எண்ணெய்க் குளியல், வடை வாசனை, சொந்தக்காரர்கள். மேலே நான். அந்த அமைதியில் என்னால் உட்கார முடியவில்லை. புத்தகம் படிக்க முடியாது, தூங்க முடியாது. எங்கேயாவது போக வேண்டும், போய்ப் பேச வேண்டும் என்று இருக்கும். அந்த வகுப்பை எனக்காகவும்தான் கேட்டேன்.

கல்லூரி முழுக்க அதற்கு அமாவாசைப் பேப்பர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். "இந்த அமாவாசைக்கு என்ன மேடம் படையல்?" என்று வேதியியல்காரர் கேட்பார். கேட்டுவிட்டுப் போகட்டும். பிள்ளைகள் வந்தார்கள். முதலில் நெசவு வீட்டுப் பிள்ளைகள், பிறகு சுற்று ஊர்களில் இருந்து வந்து படிப்பவர்கள், பிறகு சும்மா எட்டிப் பார்க்க வந்து உட்கார்ந்தவர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தால் வெயில் சாயும் வரை ஓடும். வேறொருவரும் என் நேரத்தைக் கடன் கேட்காத வகுப்பு அது ஒன்றுதான்.

தண்ணீர்ப் பாடத்துக்கு, அவரவர் தெருவில் எத்தனை குழாய், எந்த நேரம் தண்ணீர் வருகிறது என்று பார்த்து வரச் சொல்லியிருந்தேன். கரும்பலகையில் ஊரை வரைந்து ஒவ்வொருவராக வந்து புள்ளி வைத்தார்கள். கணக்குப் படிக்கும் ஒரு மாணவன் மட்டும் எழுந்திருக்கவில்லை. முசரவாக்கம் போகும் பாதையில் இருந்த குடியிருப்பிலிருந்து வருகிறவன், கிறிஸ்தவக் குடும்பம். அவன் அப்பா முன்பு பிறர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர், அப்போது கொத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"நீ வைக்கலியாப்பா?" என்றேன்.

"எங்க தெருவுல கொழாயே இல்ல மேடம். இன்னாத்த வைக்கறது?"

பின்னாலிருந்து விவசாயக் குடும்பத்துப் பையன் ஒருவன், "கெணறு இருக்குதேபா" என்றான்.

"அது உங்க கெணறு."

கிணறு இருக்கிறது என்றவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு அவனே எழுந்து போய், பலகையில் அந்தக் குடியிருப்பு இருக்கும் இடத்தில் ஒரு வட்டம் போட்டு, உள்ளே ஒன்றும் வைக்காமல் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். நான் அதற்கு மேல் ஒன்றும் நடத்தவில்லை. அடுத்த வாரம் இரண்டு பேரும் சேர்ந்து நகராட்சி அலுவலகம் போய்க் குழாய் கேட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். "சொல்லி அனுப்றோம்னாங்க மேடம்" என்றான் ஒருவன். சொல்லி அனுப்பவில்லை. இருந்தாலும் இந்தப் பாடம் எதற்கு என்று என்னை யாராவது கேட்டால் சொல்ல எனக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது. கேட்கத்தான் ஆள் இல்லை.

ஓரிரு வருடம் இப்படிப் போனது. பிறகு பொதுக் கல்வியையே எடுத்துவிடலாம் என்ற பேச்சு மெட்ராஸில் எழுந்தது. முக்கியப் பாடங்களுக்கு நேரம் போதவில்லை, இது வீண் சுமை என்று துறைகள் எழுதியிருந்தனவாம். சில கல்லூரிகளில் பேப்பர் எப்படி நடக்கிறது என்று நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்வதாக இருந்தார்கள். எங்கள் கல்லூரியும் அதில் ஒன்று. பேப்பர் போனால் என் வேலையும் போகும். வேலை போனால்கூட வேறு தேடிக்கொள்ளலாம். அந்த மதியங்கள் போய்விடுமே என்பதுதான் என் கவலை. உலகத்தில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான் என்பதை அந்த நாட்களில் தெரிந்துகொண்டேன்.

எந்த நாள் வசதி என்று கேட்டார்கள். சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்து அமாவாசை போட்டிருந்த தேதியைச் சொன்னேன்.

அந்த நாள் காலையில் கண் விழித்தபோது கீழே தறி ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் கனவு என்று நினைத்தேன். ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டிலும் ஓடுகிறது, பக்கத்து வீட்டிலும் ஓடுகிறது. தலைமுடியைக்கூட முடியாமல் கீழே இறங்கினேன். வீட்டுக்கார அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா டீச்சரம்மா, இவ்ளோ சீக்கிரம் எறங்கி வந்துட்டீங்க?"

"இன்னிக்கி அமாவாசை இல்லையா?"

"எங்களுக்கு நாளைக்குதாம்மா. இன்னிக்கி மதியானத்துக்கு மேலதான திதி பொறக்குது. சூரியன் கெளம்பறப்ப அமாவாச இருக்கணும், அந்த நாளுதான் நாங்க தறிய நிறுத்தறது. தெருப் பெரியவங்க நேத்தே சொல்லிட்டாங்களே!"

நேற்றே சொல்லிவிட்டார்களாம். தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அத்தனை வருடம் அந்த மாடியில் இருந்தும் எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் மறைக்கவில்லை, தறி இல்லாதவளுக்கு அது எதற்கு என்று விட்டிருப்பார்கள். அந்தக் காலையில் எனக்கு வந்த கோபம் அவர்கள் மேல் இல்லை. பிறகு யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

குளித்து, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனேன். மாணவர்கள் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டேன். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்த ஒருவன் என்னைப் பார்த்ததும் தறியை நிறுத்தினான்.

"மேடம், இது முகூர்த்தப் பொடவ. சாயங்காலத்துக்குள்ள நெஞ்சு முடிச்சு தறியிலேருந்து அறுத்துக் குடுக்கணும். பொண்ணு வீட்டுக்காரங்க வந்து ஒக்காந்துக்கினு இருக்காங்க. நாளைக்கி வரேன் மேடம். நாளைக்கி நாங்க எல்லாரும் வரோம்."

அவன் அப்பா எழுந்து நின்று கும்பிட்டார். "மன்னிச்சிக்கோங்கம்மா" என்றார். அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கேயும் நாளைக்குத்தான்.

மதியம் மெட்ராஸிலிருந்து கார் வந்தது. கமிட்டித் தலைவரும் இயற்பியல்காரரும் இறங்கினார்கள். பெரிய அறையில் பத்துப் பேர் இருந்திருப்பார்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாக. கணக்குப் படிக்கும் அந்த மாணவன் முன் பெஞ்சில் இருந்தான். நான் நடத்தினேன். நன்றாகத்தான் நடத்தினேன், வந்திருந்த பிள்ளைகளும் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, போட்டி போட்டுக்கொண்டு பதில் சொன்னார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முடிந்ததும் தலைவர் காலி பெஞ்சுகளைப் பார்த்தார். "வருகை எப்பவும் இப்படித்தானாம்மா?"

விளக்கினேன். பாவு, தறி, அமாவாசை, காலண்டர், திதி எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம்ம ரெகுலேஷன்ல சூரிய உதயமெல்லாம் கெடையாதே" என்று சிரித்தார். இயற்பியல்காரரும் சிரித்தார்.

"நாளைக்கு ஒரு நாள் இருந்து பாருங்க சார்" என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளலாம்.

"இன்னும் ரெண்டு காலேஜ் இருக்குதும்மா. நீங்க கவலப்படாதீங்க. சிலபஸ் ரொம்ப நல்லா இருக்குது."

மறுநாள் எல்லோரும் வந்தார்கள். முகூர்த்தப் புடவைக்காரன் கல்யாண வீட்டு வெற்றிலை பாக்கோடு வந்தான். உட்கார இடமில்லாமல் ஜன்னல் விளிம்பிலும் தரையிலும் உட்கார்ந்தார்கள். "நேத்து வந்தவங்க போய்ட்டாங்களா மேடம்?" என்று கேட்டார்கள். போய்விட்டார்கள் என்று சொல்லிவிட்டு, சாயும் வெயில் பலகையில் விழும் வரைக்கும் நடத்தினேன்.

சில மாதம் கழித்து முதல்வர் என்னைக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "கங்கிராஜுலேஷன்ஸ்மா. உங்க பேப்பர எடுக்கல. எல்லா காலேஜுக்கும் இனிமேலும் கட்டாயம்னு முடிவாயிடுச்சு. சிலபஸ்ல ஒரு எழுத்துகூட மாத்தல."

அவர் மேலே சொல்லிக்கொண்டு போனார். வகுப்பு ஒழுங்காக வாரா வாரம் நடக்க வேண்டும், எல்லாத் துறையும் பங்கு போட்டுக்கொண்டு நடத்த வேண்டும், வேலை நேரம் குறைவாக உள்ளவர்களுக்குக் கொடுத்தால் போதும், தனி ஆசிரியர் தேவையில்லை. "ஒங்கள நாங்க விட்டுட மாட்டோம்மா. பரீட்சை வேலையப் பாத்துக்குங்க, ஹால் ஏற்பாடு, சூப்பர்விஷன் எல்லாம் இருக்குது. அப்புறம் பாப்போம்." நல்ல மனிதர், எனக்கு வேலை போகாமல் பார்த்துக்கொண்டதில் அவருக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. நன்றி சொல்லிவிட்டு வந்து, நூலகத்தில் அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதேன். நான் கேட்டது நடந்துவிட்டது, பிறகு எதற்கு இந்த அழுகை என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அழுகை நிற்கவில்லை.

அடுத்த கல்வியாண்டில் நான் தேர்வு அறைகளுக்கு நம்பர் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பசை வாளியும் கையுமாக வராந்தாவில் நிற்கும்போது, வேதியியலில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு ட்யூட்டர் வந்தார். ஊருக்குப் புதியவர் இல்லை, பெரிய காஞ்சிபுரத்துப் பிள்ளைதான். கையில் அச்சடித்த பாடத்திட்டம்.

"மேடம், ஒரு நிமிஷம். இந்த ஜெனரல் பேப்பர எங்கிட்ட தள்ளிட்டாங்க. இத பாருங்களேன். 'ஒருவர் சொல்வதை எப்போது நம்புவது?' இது ஒரு யூனிட்டாம். இதுக்கு புக்கும் இல்ல, நோட்ஸும் இல்ல. இன்னாத்த சொல்லி டிக்டேட் பண்றது?"

நான் வாளியைக் கீழே வைத்தேன். அந்த யூனிட்டை எப்படி ஆரம்பிப்பது, பிள்ளைகளை முதலில் என்ன கேட்பது என்று எல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தது.

"நடத்த வேண்டாம் தம்பி. பிள்ளைங்கள பேச விடுங்க" என்று தொடங்கினேன்.

"பேச விட்டா போர்ஷன் எப்ப மேடம் முடிக்கறது? வாரத்துக்கு ஒரே ஹவர்." தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்னும் பின்னும் ஒரு பெயரும் இல்லை. பாடத்திட்டத்தில் யாரும் பெயர் போடுவதில்லை. "யாரு மேடம் இத எழுதினது? ஒங்களுக்குத் தெரியுமா?"

"மெட்ராஸ்ல யாரோ கமிட்டிதான்."

"அதான பாத்தேன். இத எழுதினவங்க ஒரு நாளாவது நம்ம ஊரு பசங்களுக்குக் கிளாஸ் எடுத்திருப்பாங்கன்றீங்க?"

"இருக்காதுப்பா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, மணி அடித்ததும் வகுப்புக்குப் போனார்.